யாரையாவது இடித்தேனா?

நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். கொல்லிமலையில் சோளக்காடு சந்தையிலிருந்து வாழைத்தார், அன்னாசி, பலா, மரவள்ளிக்கிழங்கு என்று ஏற்றிக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளி வழியாக நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பேன். பதினான்கு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் அந்த வேலையைச் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் வருவதைப் படிக்கிறவர்கள் என்னைக் கவனமில்லாத டிரைவர் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்கிற சந்தேகம் இப்போதும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரமாவது வருஷம், ஐப்பசி மழை ஓய்ந்த சமயம். மழை அரித்த ரோட்டில் ஒரு வளைவைத் திருப்பும்போது பின்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. குழி என்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது: அது ஆளாக இருந்தால்?

வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்துபோய்ப் பார்த்தேன். குழிதான். செம்மண் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. இடிபட்டவர் சரிவில் உருண்டு போயிருந்தால்? மறுபடியும் போய்ச் செடிகளை விலக்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. அன்றைக்கு அதோடு விட்டது.

அடுத்த வாரம் வேறு வளைவில் வந்தது. பிறகு தினமும் வந்தது. தை மாசத்துக்குள் நான் ஒரு நடைக்கு ஏழெட்டு இடத்தில் நிறுத்துகிறவன் ஆகிவிட்டேன். பம்பரைத் தடவிப் பார்ப்பேன். டயரின் பள்ளங்களில் விரலை விட்டு முகர்ந்து பார்ப்பேன். காரவள்ளி வரை இறங்கிய பிறகு, பாதி மலையில் ஏதோ ஒரு வளைவைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றும். முழு லோடோடு வண்டியைத் திருப்பி மேலே ஏறுவேன். சோளக்காட்டில் ஏற்றிய அன்னாசி வெயிலில் வெந்து நாற்றமெடுத்துச் சந்தைக்குப் போன நாட்கள் உண்டு. வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால், ஆறாவது படிக்கும் என் மகள் எதிரே மேட்டில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். கையைக் கீழே போட்டால் வண்டி நகராது.

என் மனைவி காளியம்மாளுக்குச் சந்தேகம் வேறு மாதிரி வந்தது. இறங்கிப் போயிருக்க வேண்டிய வண்டி மலை ஏறி வந்ததைப் பஸ்ஸில் வந்தவர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அடிவாரத்தில் எனக்கு வேறொரு குடும்பம் இருப்பதாக அவள் முடிவு செய்துவிட்டாள். சண்டை போடவில்லை. ஒரு காலையில் சீவி முடித்துப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எந்த ஊட்டுக்குப் போறீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேன். இன்னைக்கு நானும் வாரேன்" என்றாள்.

நான்காவது முறை நான் நிறுத்தியபோது அவளும் இறங்கினாள். நான் மண்டியிட்டு டயரை முகர்வதைப் பார்த்தாள். என்னத்தைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். அடிபட்ட ஆளை என்றேன். எந்த ஆள் என்றாள். தெரியாது என்றேன். அவள் ரோட்டோரத் தடுப்புச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேறொருத்தி இருந்திருந்தால் நல்லது என்று அந்த நேரத்தில் நினைத்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து, "ஒண்ணும் இல்லீங்க, யாரும் அடிபடல" என்று அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்பது என் வழக்கமானது. கேட்டதும் நெஞ்சு லேசாகும். ஒரு பீடி குடிக்கும் நேரம்கூட அது நிற்காது. என் வாயை அடைக்கத்தான் இப்படிச் சொல்கிறாளோ என்று தோன்றிவிடும். மறுபடி கேட்பேன். ஒரே நாளில் நூறு தடவைகூடக் கேட்டிருப்பேன். அவளும் சொன்னாள்.

அது போதாமல் மலைமேல் இருக்கும் செம்மேட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கும் போக ஆரம்பித்தேன். மலையில் யாராவது அடிபட்டதாகப் புகார் வந்ததா என்று விசாரிப்பேன். வாரத்துக்கு இரண்டு தரம் ஒருவன் இப்படி வந்து கேட்டால் எந்தப் போலீஸ்காரருக்கும் சந்தேகம் வரும். அங்கிருந்த ஏட்டையா என் வண்டி நம்பரை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது. என் வண்டி நம்பர் அவருக்கு எதற்கு? ஏதோ நடந்திருக்கிறது. என்னிடம் மறைக்கிறார்கள்.

மாசி மாசத்தில் உண்மையாகவே ஓர் ஆள் அடிபட்டுக் கிடந்தார். மலைமேல் பைல் நாடு என்கிற ஊரைச் சேர்ந்த வெள்ளையன் என்கிற விவசாயி. முப்பத்தாறாம் வளைவுக்குக் கீழே, தொடை எலும்பு முறிந்து, நினைவில்லாமல் கிடந்தவரைப் பஸ்காரர்கள் தூக்கிப்போய் நாமக்கல்லில் சேர்த்தார்கள். அன்று காலையில் நான் அந்த வளைவைத் தாண்டியிருந்தேன். டீக்கடையில் செய்தியைக் கேட்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது நிம்மதிதான். நாலு மாசமாகத் தேடியது கிடைத்துவிட்டது.

நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

"ஏட்டையா, நான்தானுங்க."

அவர் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வண்டியில ஒரு கீறலைக் காணமே?"

"கழுவியிருப்பேனுங்க."

"கழுவுனியா?"

"ஞாபகம் இல்லீங்க."

அன்றும் மறுநாளும் என்னை அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை. சோறு வாங்கிக் கொடுத்தார்கள். வெள்ளையனுக்கு நினைவு திரும்பியதும் அவரே சொல்லிவிட்டார். மூங்கில் கட்டோடு குறுக்குப் பாதையில் இறங்கும்போது பாசியில் வழுக்கி உருண்டதாக. எந்த வண்டியும் இடிக்கவில்லை என்று. என்னைப் போகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. என் மச்சான், அதாவது காளியம்மாளின் அண்ணன் சின்னசாமி, செம்மேட்டில் உரக்கடை வைத்திருக்கிறவர், அந்த மனுஷனிடம் பேசிச் சரிக்கட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

நாமக்கல் போய் வெள்ளையனின் கட்டிலருகே நின்று கேட்டேன். வழுக்கித்தான் விழுந்தேன் என்றார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். ஐந்தாவது தரம் கேட்டபோது அவருடைய மகன்கள் இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள். சம்பந்தம் இல்லாதவன் எதற்கு இத்தனை தரம் கேட்க வேண்டும், இவன்தான் இடித்திருக்க வேண்டும் என்று என் சட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அவர்களே என்னை மறுபடி செம்மேட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் மச்சானைக் கூப்பிட்டு, இது எங்கள் வேலை இல்லை, தலைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அப்படித்தான் சேலத்துக்குப் போனோம். நானும் காளியம்மாளும் மச்சானும். மகளை மச்சான் வீட்டில் விட்டிருந்தோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு கடைசிக் கட்டிடம். வெளியே சிமெண்ட் பெஞ்சில் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெண் புடவைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஒரு வயசாளி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். என்னை எதற்கு இவர்களோடு உட்கார வைத்திருக்கிறார்கள்? யோசிக்க யோசிக்கக் கணக்குச் சரியாக வந்தது. எனக்குப் பைத்தியம் என்று ஒரு சீட்டு வாங்கிவிட்டால் லைசென்ஸ் போய்விடும். வண்டி மச்சான் கைக்கு வந்துவிடும். அதற்குத்தான் கூட்டி வந்திருக்கிறார். அந்த வண்டியை நான் வாங்கியபோது தன் மிளகுக் கொடிகளை நம்பி என் கடனுக்கு ஜாமீன் நின்ற மனுஷனைப் பற்றி இப்படி நினைத்தேன். அவர் அப்போது எனக்கு இளநீர் வாங்கி வந்து நீட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கவில்லை. அவர் அதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தள்ளி நின்றுகொண்டார்.

டாக்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயசு இருக்கும். மெதுவாகப் பேசினார், நிறையக் கேட்டார். எத்தனை தரம் திரும்பிப் போவீர்கள், எந்தெந்த வளைவு, கடைசியாக எப்போது, பார்த்த பிறகு எவ்வளவு நேரம் நிம்மதி இருக்கும். ஏட்டையா கேட்ட கேள்விகளைவிட இவை கூர்மையாக இருந்தன. ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். நான் பாதிக்கு மேல் பொய் சொன்னேன்.

உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். அதற்கடுத்த நாள் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய், தலையில் பசை தடவி இருபது ஒயர்களை ஒட்டினார்கள். மூளையில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாக வரையும் பரிசோதனை அது. வலிப்பு நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். எனக்கு யாரும் அப்படி விளக்கவில்லை, அல்லது விளக்கியது காதில் ஏறவில்லை. கண்ணை மூடச் சொன்னார்கள். திறக்கச் சொன்னார்கள். முகத்துக்கு எதிரே ஒரு விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. தாள் ஓடும் சத்தம் கேட்டது. பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, நான் யாரையும் இடிக்கவில்லை, நான் யாரையும் இடிக்கவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு, நான் இடித்தேன் என்று ஒருதரம் சொல்லி, கோடு மாறுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். ஒரே மாதிரிதான் ஓடியது. மெஷின் கெட்டுப்போனதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தலையை ஸ்கேன் எடுக்க வேறு இடத்துக்குப் போனோம். அதற்காக மச்சான் அந்த வருஷத்து மிளகைக் காய்வதற்கு முன்னாலேயே விற்றார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. காளியம்மாள் அந்தக் கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் வேறு கணக்குப் போட்டேன். எல்லாம் நன்றாக இருந்தால் நான் எதற்கு இங்கே இருக்கிறேன்? மூளையில் கோளாறு இல்லையென்றால், நான் நினைப்பதெல்லாம் உண்மை என்றுதானே அர்த்தம்?

பக்கத்துக் கட்டிலில் அங்கமுத்து என்கிறவர் இருந்தார். மலை அடிவாரத்தில் சொந்தத் தோட்டம் வைத்து மஞ்சளும் வெங்காயமும் போடுகிறவர். ஐம்பது வயசு. கூடவே அவர் மனைவி ருக்குமணி. அந்த அக்கா கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் குடித்தனமே நடத்தினார். அங்கமுத்து அண்ணன் முதல் நாளே என் தட்டிலிருந்து இட்லியை எடுத்துத் தின்றார். நர்ஸின் பேனாவைப் பிடுங்கினார். ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது அவருடைய கேள்விகள்தான்.

"எந்த வளைவுல சாமி? ஆளா, மாடா? போலீசு புடிச்சுதா?"

ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது கேட்பார். சாதாரண நோயாளிக்கு இது எதற்கு? மீசையும் தோளும் பார்த்தால் போலீஸ் மாதிரியே இருந்தது. மப்டியில் ஆள் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். ருக்குமணி அக்கா காளியம்மாளோடு ஓயாமல் பேசுவதும் அதற்காகத்தான். அடையாள அட்டையை எங்கேயோ ஒளித்து வைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் மதியம் அண்ணன் குளிக்கப் போனபோது அவருடைய தலையணைக்கடியில் கை விட்டேன். ஒரு சீப்பும், விபூதிப் பொட்டலமும், ஒரு கல்யாணப் போட்டோவும் இருந்தன. பையைத் திறந்தேன். வேட்டி, துண்டு. பையின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஈரத்தலையோடு வந்து நின்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டார். நான் இரண்டு கட்டில்களுக்கு நடுவே விழுந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

விழுந்த என்னை அவரே தூக்கினார். அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட அவர்தான் பயந்திருந்தார். துண்டால் என் வாயைத் துடைத்தார்.

"நெனைக்கறதுக்கு முன்னாலயே கை போயிருது சாமி. போன பொறவுதான் எனக்கே தெரியுது" என்றார்.

ருக்குமணி அக்கா ஓடி வந்து, என் காலைத் தொடாத குறையாக மன்னிப்புக் கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் டிராக்டரிலிருந்து நெற்றி அடிபட விழுந்தாராம். மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தாராம். உடம்பு தேறிவிட்டது, குணம் மாறிவிட்டது. அதற்கு முன்னால் ஓர் ஈயை அடிக்க மாட்டாராம். தோன்றியதை அப்போதே செய்கிறார், கண்ணில் பட்டதை எடுக்கிறார், வாயில் வந்ததைக் கேட்கிறார். உறவுக்காரர்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அடி வாங்கிய இடம் எரிந்துகொண்டிருக்க, போலீஸ்காரர் அடித்துவிட்டு இப்படிப் பயப்படுவாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

செய்தி டாக்டருக்குப் போயிற்று. மாலையில் வந்தவர் எங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கையில் காகிதமும் பேனாவும் இல்லை. அதனால் கொஞ்சம் கேட்டேன்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி, 'இதைக் கவனி, இதை நிறுத்து' என்று சொல்லுமாம். தலைக்கு நடுவே ஆழத்தில் வேறு சில பகுதிகள் இருக்கின்றனவாம். பழகிப்போன செயல்களை நடத்துவதும், போதும் என்று முடித்துவைப்பதும் அவற்றின் வேலையாம். இரண்டையும் இணைக்கும் நரம்பு இழைகள் வழியாகச் சேதி போவதும் வருவதுமாக இருக்கும். அண்ணனுக்கு நெற்றிப் பக்கம் அடிபட்டதில், 'நில்லு' என்ற சேதி போகிற வழி சேதமாகியிருக்கிறது. அதனால் நினைப்பு உடனே கையாகிவிடுகிறது. எனக்கோ வழி அறுபடவில்லை. 'பார்த்தாச்சு, போதும்' என்ற சேதி பதியாமல், 'போய்ப் பார்' என்பதே சுற்றிச் சுற்றி வருகிறது. எண்ணச் சுழற்சி நோய் என்று அதற்குப் பெயர். எண்ணம் வருவது நோயின் பாதி, அதை அடக்கத் திரும்பிப் போய்ப் பார்ப்பது மறு பாதி. பார்க்கப் பார்க்க அது இன்னும் பலமாகுமாம்.

ஸ்கேனில் அதைக் காட்டுங்கள் என்றேன்.

"காட்ட முடியாது. அண்ணனோட படத்துல தழும்பு தெரியும். உங்க படத்துல ஒண்ணும் தெரியாது. கட்டி, ரத்தம் இதெல்லாம்தான் இந்த மெஷின் காட்டும். ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் பேச்சு எப்படி நடக்குதுன்னு இது காட்டாது. நான் சொன்னதுகூட இதுவரைக்கும் கண்டுபிடிச்ச அளவுதான். முழுசாத் தெரிஞ்சவங்க இன்னும் யாரும் இல்லை" என்றார்.

அந்தப் பிரிவில் எனக்குக் கிடைத்த முதல் நம்பிக்கை அதுதான். என்னிடம் எதையோ மறைக்க வந்தவர், தெரியாது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

நம்பிக்கை மாத்திரை வரைக்கும் நீளவில்லை. நாக்கை உலர்த்தித் தூக்கத்தில் தள்ளும் அந்த மாத்திரை, என்னை உளற வைத்து உண்மையை வாங்குவதற்காக என்று நினைத்தேன். நர்ஸ் முன்னால் விழுங்குவதுபோல் கன்னத்துக்குள் அடக்கிவைத்து, பிறகு துப்பித் துண்டின் முனையில் முடிந்துவைத்தேன். துண்டைத் துவைக்க எடுத்த காளியம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஐந்து மாத்திரைகள். எதற்கு என்று கேட்டாள்; நினைத்ததைச் சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. நர்ஸைக் கூப்பிடவும் இல்லை. கட்டிலில் என் எதிரே உட்கார்ந்து, அதில் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"என்னையும் உளற வெக்குதான்னு பாருங்க. நானும் எதையாச்சும் மறைச்சிருந்தா வெளிய வந்துரும்" என்றாள்.

மறுநாள் முழுக்க அவள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாள். டாக்டருக்குத் தெரிந்து அவளைக் கடுமையாகத் திட்டினார். அடுத்தவர் மாத்திரையைத் தொடுவது எவ்வளவு ஆபத்து என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் சொன்னது சரி, யாரும் அப்படிச் செய்யக் கூடாது. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து நான் மாத்திரையை விழுங்கினேன். ருக்குமணி அக்கா அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அங்கமுத்து அண்ணன் அதில் பாதியைக் குடித்துவிட்டார்.

மூன்றாவது வாரத்தில் வைத்தியத்தின் கடினமான பகுதி தொடங்கியது. துவைத்த துணி ஏற்றிய தள்ளுவண்டியை என் கையில் கொடுத்து, வெளிநோயாளிகள் நிற்கும் நடைபாதை வழியாகத் தள்ளிப்போகச் சொன்னார் டாக்டர். காலை நேரம், கூட்டம் நெருக்கும். ஊன்றுகோல்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள். எவ்வளவு பயம் வந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. முனையில் போய் நின்று, பயம் எதுவரை ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கவனித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் பாதி தூரத்தில் சக்கரம் எதிலோ தட்டியது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. என் கழுத்து தானாகத் திரும்பியது. தோற்றேன். இரண்டாம் நாளும் தோற்றேன். நான்காம் நாள் முனைவரை போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. நெஞ்சு அடித்த அடியில் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். சாகவில்லை. பக்கத்தில் நின்ற டாக்டரிடம் கேட்டேன்.

"அம்மா, யாரையாச்சும் இடிச்சேனுங்களா?"

"தெரியாது" என்றார்.

"பாத்துக்கிட்டுத்தானே வந்தீங்க?"

"நான் சொல்லப்போறதில்லை. நீங்க கேட்கிற ஒவ்வொரு தடவையும் யாராவது 'இல்லை'ன்னு சொல்றதும், நீங்க திரும்பிப் போய்ப் பார்க்கிறதும் ஒண்ணுதான். தெரியாமலே நில்லுங்க."

நின்றேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் எதுவும் சொல்லாமல், நானும் எதையும் பார்க்காமல், பயம் தானாகக் கொஞ்சம் இறங்கியது. இத்தனை மாசத்தில் முதல்முறையாக அது அப்படி இறங்கியதைப் பார்த்தேன்.

அன்றே காளியம்மாளுக்கும் உத்தரவு வந்தது. இனிமேல் நான் கேட்டால் அவள் பதில் சொல்லக் கூடாது. நான் கெஞ்சினேன். திட்டினேன். டாக்டர் அவளை எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொள்வாள். மாத்திரையைவிட, தள்ளுவண்டியைவிட, எனக்குப் பெரிய வைத்தியம் செய்தது அந்த மூடிய வாய். அதற்கு அவள் என்ன பாடுபட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கமுத்து அண்ணன் அதற்கு முன்னாலேயே போய்விட்டார். ஓரளவு அமைதியாகியிருந்தார். ஆனால் அந்த வழி திரும்பவும் முழுசாகச் சேராது என்று டாக்டர் ருக்குமணி அக்காவிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கிளம்பும்போது அண்ணன் என் சட்டைப்பையில் கைவிட்டுச் சீப்பை எடுத்துக்கொண்டு போனார். நான் கேட்கவில்லை.

வண்டியை எடுக்க இன்னும் மூன்று மாசம் ஆயிற்று. முதலில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வண்டி என் பேரில்தான் இருந்தது, எப்போதும் அப்படித்தான் இருந்தது. அவரிடம் அந்த சிமெண்ட் பெஞ்சில் நினைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எளநி வாங்காதப்பவே தெரியும் மாப்ள" என்று மட்டும் சொன்னார். தனியாக ஓட்ட ஆரம்பித்த பிறகு இரண்டு தரம் வண்டியைத் திருப்பி ஏறியிருக்கிறேன். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மூன்றாவது தரம் திருப்பாமல் பாருங்கள் என்றார். எண்ணம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வரும். வந்துவிட்டு என்னோடு காரவள்ளி வரைக்கும் உட்கார்ந்து வரும். அங்கே இறங்கிக்கொள்ளும்.

இதை எழுத நினைத்தது போன மாசம். செம்மேட்டில் சந்தை கூடியிருந்தது. லோடு இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெரக்கரை நாட்டுப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர், முகம் தெரியும், பழக்கம் இல்லை. நாற்பது வயசு இருக்கும். சுற்றிலும் பார்த்துவிட்டு, நீங்கள் முன்னே வளைவு வளைவாகத் திரும்பிப் போவீர்களாமே, எத்தனை தரம் போவீர்கள் என்று கேட்டார். யாரோ கேலி செய்ய அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். டிரைவர்கள் மத்தியில் எனக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது. அவருடைய கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் டயர் கரி. நகக்கண்ணில் சேறு.

ஜீப் எங்கே என்று கேட்டேன். சந்தைக்குப் பின்னால் இருந்தது. அங்கே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, கீழ குனிஞ்சு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியும். வார வழியில யாரையாச்சும் இடிச்சிருப்பனா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த முகம் தெளிந்துவிடும். ஒரு பீடி நேரத்துக்குத் தெளியும். அது எனக்கு நன்றாகத் தெரியும். என் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. குனியவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். காளியம்மாள் எதற்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்பது அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

நான் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"தெரியாது சாமி" என்றேன். "நாளைக்குக் காலைல மொதல் பஸ்ஸுக்கு வந்துருங்க. சேலம் போலாம், நானும் வாரேன்."

அவர் என்னை நம்பவில்லை. என் முதுகை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆனாலும் காலையில் வந்து நின்றார்.